கவுன் மடிப்பு

நர்ஸம்மா அட்டையையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலு மாதமாக எடை ஏறிக்கொண்டே வந்திருந்தது. சுவரோரம் நிறுத்தி அளந்த உயரமோ இம்மியும் நகரவில்லை.

"எடை ஏறுது, உசரம் ஏறலையே. கவுனைக் கழட்டும்மா, மறுபடி பாப்போம்."

"சளி புடிச்சிருக்குங்க..." தாய் குழந்தையின் கவுனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டரை வயது மகள் சிட்டுக்கு ஒரு வாய் ஊட்டுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். அட்டையில் எடையைக் குறிக்கும் புள்ளி முதன்முதலாகச் சிவப்பில் விழுந்த அன்று, கூட வந்த நாத்தனார் அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள்: "பெத்தா மட்டும் போதுமா, வளக்கத் தெரிய வேணாமா?" கணவன் குனிந்த தலை நிமிரவில்லை. நாத்தனாரின் சொல்லைவிட அந்த மௌனம்தான் சுட்டது. தாய்க்குத் திரைச்சீலை தைக்கும் வேலை. சீலை பறக்காமலிருக்க அடியில் வைத்துத் தைக்கும் இரும்புத் துண்டுகளில் ஒரு பிடி அள்ளி, மகளின் கவுன் மடிப்புக்குள் தைத்தாள். அடுத்தடுத்த மாதங்களில் இன்னும் ஒவ்வொரு பிடி. புள்ளி பச்சைக்கு வந்தது. நாத்தனார் வாயடைத்துப் போனாள். நர்ஸம்மா கொடுத்துவந்த சத்துப் பொட்டலமும் நின்றுபோனது. பச்சையில் இருக்கும் பிள்ளைக்கு அது கிடையாது.

கழற்றிய கவுன் மேசைமேல் 'டொக்'கென்று விழுந்தது. நர்ஸம்மா மடிப்பைத் தடவிப் பார்த்தாள். திட்டவில்லை. வெறும் உடம்போடு குழந்தையைத் தராசில் ஏற்றினாள். முள், நாலு மாதத்துக்கு முன் நின்ற இடத்துக்கும் கீழே நின்றது.

"இந்த வயசுல எடை நின்னா, பின்னாலயே உசரமும் நின்னுடும்மா."

"இனிமே வளர மாட்டாளா?"

"வளருவா. விட்டதையெல்லாம் புடிப்பாளான்னு என்னால சொல்ல முடியல."

பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி, பொட்டலத்தோடு கையில் கொடுத்தாள்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த கணவன் சிரித்த முகமாக எழுந்தான். "இந்த மாசம் எவ்வளவு ஏறிருக்கு?"

"ஏறவேயில்லங்க. நான்தான் ஏத்தினேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மகளின் கவுனைக் கழற்றி, தன் சட்டையை அவளுக்கு மாட்டி, பெஞ்சில் உட்காரவைத்தான். பிறகு பொட்டலத்தை வாங்கிப் பல்லால் கிழித்தான். இருவரும் பெஞ்சுக்கு முன்னால் மண்டியிட்டார்கள். தாய் விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு நீட்டினாள். அப்பாவின் சட்டைக்குள் புதைந்திருந்த சிட்டு, உதட்டை இறுக மூடியபடி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.