அவசரப்படுத்தினால் பொய்

பன்னிரண்டு வருடமாக ஆரணிக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் இளஞ்செழியனின் பாடங்களில், மாணவர்கள் வீடுவரை எடுத்துக்கொண்டு போனது ஒன்றே ஒன்றுதான். அவசரப்படுத்துகிற செய்தி பொய். பயமுறுத்துகிற செய்தி பொய். தெரியாத நம்பரில் வருவது பொய். போன மாதம் இதைப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

மறுவாரமே பலன் தெரிந்தது. சனிக்கிழமை வகுப்பு உண்டு என்று முதல்வர் அனுப்பிய அறிவிப்பை மூன்றாம் ஆண்டு மொத்தமும் நம்ப மறுத்தது. "வெரிஃபை பண்ணிகினு இருந்தோம் சார்" என்றான் சரவணன், திங்கட்கிழமை வந்து. முதல்வர் கூப்பிட்டு, "இன்னா பாடங்க நடத்துறீங்க நீங்க?" என்று கேட்டார். இளஞ்செழியன் தன்னைத்தானே பல வருடமாகக் கேட்டுவந்த கேள்வி அது. இன்னொருவரும் கேட்கிறாரே என்று ஒரு மாதிரி ஆறுதலாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள் வகுப்புப் பயிற்சியில் ஹேமலதாவின் முறை வந்தது. தனக்கு வந்த ஒரு பொய்ச் செய்தியைத் திரையில் காட்டி, அது ஏன் பொய் என்று ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். ஹேமலதா தறிக்காரர் வீட்டுப் பெண், வகுப்பிலேயே கெட்டிக்காரி. பரீட்சை முடிந்ததும் அவளைத் தன் பட்டுக்கடையில் பில் போட உட்கார வைப்பதாகத் தாய்மாமன் முடிவு செய்திருந்தார். அதிலிருந்து தப்பிக்க வேலூரில் பாடப்புத்தகம் போடும் ஒரு நிறுவனத்தில் புரூஃப் பார்க்கும் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தவர் இளஞ்செழியன்.

முந்தின நாள் மாலை வந்த செய்தியைத் திரையில் போட்டாள். நாளை பன்னிரண்டு மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் நேர்காணலுக்கு வரவும், வராவிட்டால் மறு வாய்ப்பு இல்லை என்றிருந்தது.

"பாருங்க, அவசரம். அடுத்தது மிரட்டல். நம்பர் யாருதுன்னு தெரியாது" என்று அழகான ஆங்கிலத்தில் அடுக்கினாள். "என் பேரும், நான் அப்ளை பண்ணின இடமும் தெரிஞ்சிருக்கு. திருடுறவங்க இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வருவாங்கன்னு சார் சொல்லியிருக்காரு." பிறகு தமிழுக்குத் தாவினாள். "எங்கப்பாகிட்ட காட்டினேன். இப்பவே முடிவு சொல்லுன்னு நிக்கிற வியாபாரி வந்தா அவரு சேலைய மடிச்சு உள்ள வெச்சுடுவாரு. உங்க சார் சரியாத்தான் சொல்லிக் குடுத்திருக்காருன்னாரு. உடனே பிளாக் பண்ணிட்டேன்."

வகுப்பு கைதட்டியது. இளஞ்செழியனும் தட்டினார். நாலாவது தட்டில்தான் செய்தியின் அடியிலிருந்த நிறுவனப் பெயரைப் படித்தார். கை அப்படியே நின்றது.

வராந்தாவுக்குப் போய் அந்த எண்ணை அழைத்தார். நிறுவனத்தில் வேலை பார்க்கும் கனிமொழி என்றொரு பெண் எடுத்தாள்.

"சார், நீங்களா? பொண்ணு ரெஃபரன்ஸ்ல உங்க நம்பர் குடுத்திருந்துது. நேத்து கூப்பிட்டேனே! நான் பேசறதுக்குள்ள, ஓடிபி எல்லாம் தர மாட்டேன், போலீஸ்ல சொல்லுவேன்னு கத்திட்டு வெச்சுட்டீங்க."

நினைவு வந்தது. வைத்த பிறகு மனைவியைப் பார்த்துப் பெருமையாகத் தலையை ஆட்டியதும் நினைவு வந்தது.

ஹேமலதாவின் சான்றிதழ்கள் அவள் வீட்டில் இருந்தன. அவளுடைய தோழி தீபா ஸ்கூட்டியில் ஓடி எடுத்துவந்தாள். மூவரும் வேலூர் பஸ்ஸைப் பிடித்தபோதே நேரம் போயிருந்தது. வழியெல்லாம் ஹேமலதா சான்றிதழ்களைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு வந்தாள். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு.

நிறுவனத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேலாளர் அருள்தாஸ் நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார்.

"எங்க மெசேஜ் பொய்யின்னு எப்படிம்மா முடிவு பண்ணினே?"

மூன்று விதிகளையும் சொன்னாள்.

"யார் சொன்னது?"

"சார்."

அருள்தாஸ் சாரைப் பார்த்தார். சார் மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்க ஆபீஸ் நம்பர் வெப்சைட்லயே இருக்கு. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே. புரூஃப் பார்க்கிறவங்க வேலையே அதுதானே, சந்தேகம்னா மூலத்தை எடுத்துப் பார்க்கிறது. இப்ப ஆள் எடுத்தாச்சும்மா. ஜூன்ல இன்னொரு செட் எடுப்போம், பார்க்கலாம்."

"தப்பு என்னுதுங்க" என்றார் இளஞ்செழியன். "அது தெரியுதுங்க" என்றார் அருள்தாஸ், மரியாதையாகவே.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஹேமலதா கடைசியில் பேசினாள்.

"ஒரு மாசமா வாட்ஸ்அப்ல வர்றதை நம்பாதேன்னு சொன்னீங்க. நீங்க சொன்னதை மட்டும் நாங்க அப்படியே நம்பிட்டோம். நீங்களும் ஒரு ஃபார்வர்டுதான் சார்."

"அடியேய்!" என்று தீபா அவள் கையைக் கிள்ளினாள்.

"விடும்மா, சரியாத்தான் சொல்லுது" என்றார். அதைவிடச் சுருக்கமாகத் தன் பன்னிரண்டு வருடத்தை யாரும் மதிப்பிட்டதில்லை.

"ஜூன்ல கூப்பிடுவாங்களா சார்? இல்ல, நம்மள அனுப்பி வெக்கறதுக்குச் சொன்னாங்களா?"

கூப்பிடுவாங்கம்மா என்று சொல்ல வாயெடுத்தார். அப்படிச் சொல்ல அவருக்கு எந்த ஆதாரமும் இல்லை. அவளுக்கு ஆறுதல் வேண்டும், தனக்கும் வேண்டும், அவ்வளவுதான்.

"தெரியலம்மா. எனக்கு நெஜமாவே தெரியல. அவங்களையே கேளு."

அவள் நிறுவனத்தின் வெப்சைட்டில் எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள். பஸ் இரைச்சலுக்கு மேல், நடுங்கும் ஆங்கிலத்தில், தன் பெயரிலிருந்து ஆரம்பித்தாள். ஜூனில் எந்தத் தேதி, மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா, யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று கேட்டாள். ஓரிடத்தில் வினைச்சொல் வழுக்கியது. திருத்தலாம் என்று திரும்பிய இளஞ்செழியன், திருத்தாமல் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடத்துக்கென்று மூடிய கண்.

கண்ணமங்கலத்தில் டிரைவர் போட்ட பிரேக்கில் விழித்தார். ஹேமலதா போனை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா சொன்னாங்க?"

"சொன்னாங்க சார். அதையே மெயில்ல எழுதி அனுப்பச் சொல்லியிருக்கேன்." திரும்பாமலே சொன்னாள். "வரட்டும். வந்தப்புறம் உங்களுக்குச் சொல்றேன்."