பச்சை கலக்க மாட்டேன்

இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் பழைய கார்கள் வரிசைகட்டி நிற்கும்போது அரங்கநாதனின் எம்.ஜி.பி.யும் அதில் நிற்க வேண்டும். 1964இல் இங்கிலாந்தில் செய்த, இரண்டே பேர் உட்காரும் வண்டி. உடம்பெல்லாம் வெள்ளை ஏறிப் பளபளத்தது. இன்ஜின் மட்டும் செஞ்சியில் ஜெயக்குமாரின் ஒர்க்‌ஷாப்பில், பழைய பூச்செல்லாம் கழுவப்பட்டு வெறும் இரும்பாக ஸ்டாண்டில் நின்றது.

மேசைமேல் பச்சை பெயிண்ட் டப்பா திறந்திருந்தது. தின்னர் ஊற்றிக் கலக்க வேண்டியவள் நிலா. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“இன்னாம்மா, டப்பாவ மொறச்சிப் பாத்துட்டே நிக்கிற? கலக்கு” என்றார் ஜெயக்குமார்.

“பச்சை கலக்க மாட்டேன், சார்.”

வேதியியல் படித்துவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்த நான்கு வருடத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. “ஆச்சு சார்” என்பதற்குமேல் அவள் வாயிலிருந்து எதுவும் வராது. பக்கத்தில் நின்ற அரங்கநாதனே திரும்பிப் பார்த்தார்.

“இது பச்சை இன்ஜின் இல்ல. மரூன்” என்று சொல்லி உள்ளங்கையை விரித்தாள். நகம் அளவுக்கு ஒரு கருஞ்சிவப்புச் சில்லு. இன்ஜினின் பின்பக்கம், கை நுழையாத மூலையில், கெட்டிப்பட்ட கிரீஸுக்கு அடியில் கிடைத்தது. கழுவியதில் தப்பிய இடம் அது ஒன்றுதான்.

போன வாரம் அவள் அனந்தபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அன்றைக்குத்தான் ஜெயக்குமார், பழைய நிறம் என்னவென்று சுரண்டிப் பார்த்துச் சொல்லும்படி பெயிண்டர் விநாயகத்திடம் கேட்டார். விநாயகம் சுரண்டினார், பார்த்தார், “கரும்பச்சை” என்றார். கையோடு இன்ஜினைக் கழுவியதும் அவர்தான். அரங்கநாதன் கார் கிளப் முழுக்க அதைச் சொல்லிவிட்டார். பச்சை முடிவாகிவிட்டது.

அரங்கநாதன் சில்லைப் பார்த்துச் சிரித்தார். “அட, இது குங்குமம்மா! ஆயுத பூஜைக்கு எங்கப்பா பானெட்டத் தெறந்து இன்ஜினுக்கே பொட்டு வைப்பாரு. ஒரு வருஷம் தட்டே கவுந்துடுச்சி. எங்க வீட்லயே மஞ்சள்ல செஞ்ச குங்குமம்.”

நிலா டெலிவரி தட்டை இழுத்தாள். வண்டி வெளியே போகும்போது சக்கரத்துக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழம், கற்பூரம், மேல்மலையனூர்க் கோயில் குங்குமம்.

“ஏய், அது டெலிவரிக்கு வெச்சது!”

அதற்குள் ஒரு பழத்தை அறுத்துவிட்டாள்.

“காலேஜ்ல ஜூஸ் போடவா சொல்லிக் குடுத்தாங்க?” என்றார் ஜெயக்குமார்.

ஒரு வெள்ளைத் தாளில் குங்குமம். பக்கத்தில் சில்லு. இரண்டிலும் பிழிந்தாள். குங்குமம் மஞ்சளாக மாறித் தாளில் பரவியது. சில்லு அப்படியே கிடந்தது, கழுவினது போல இன்னும் சிவப்பாக.

“மஞ்சள் குங்குமம்னா புளிப்பு பட்டா மஞ்சளாயிடும். இது ஆகல.”

“அப்ப ரெட் ஆக்சைடா இருக்கும். பிரைமர்” என்றார் அரங்கநாதன். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

“பிரைமர் அடிப்பூச்சுதானே சார், அதுக்கு மேல பச்சை இருக்கணும். இதுக்கு மேல வெறும் கிரீஸ்தான் இருந்துச்சி.”

அரங்கநாதன் ஜெயக்குமாரைப் பார்த்தார். “நாப்பது வருஷம் பெயிண்ட் அடிச்ச மனுஷன் கண்ணால பாத்துச் சொன்னது பொய்யா? அவர் எதுக்குத் தப்பாச் சொல்லணும்?”

“அதானே, சொல்லும்மா. எதுக்கு?”

எதற்கு என்று நிலாவுக்குத் தெரியும். விநாயகம் அடித்தால் ஒரு சொட்டு வழியாது, கண்ணாடி போல நிற்கும். அந்தக் கை இந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் நான்கு வருடமாக, ஸ்ப்ரே கன்னில் ஊற்றுவதற்கு முன்னால் அவர் டப்பாவைத் தூக்கி அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் தலையசைத்த பிறகுதான் ஊற்றுவார். அவள் எதுவும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இப்போது ஒரே வரியில் அதைப் போட்டு உடைத்தால் இந்த வழக்கு முடிந்துவிடும். அவர் தொழிலும் முடிந்துவிடும்.

விநாயகம் கம்ப்ரசர் பக்கத்தில் குனிந்து ஹோஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுற்றிய ஹோஸ் அது.

“அத நான் சொல்ல மாட்டேன், சார்” என்றாள் நிலா. “ஆனா இது மரூன்.”

“கடைசியாக் கேக்குறேன். கலக்குறியா, வூட்டுக்குக் கெளம்புறியா?” என்றார் ஜெயக்குமார்.

“கெளம்புறேன்.”

ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள். டப்பாவின் மூடியைப் போட்டுச் சுத்தியலால் நான்கு பக்கமும் தட்டி இறுக்கினாள்.

“தோ பாரு, எவ்ளோ திமிரு!”

“திமிரு இல்ல மொதலாளி.” விநாயகம் முகத்திலிருந்து மாஸ்க்கை இறக்கியிருந்தார். கையில் ஹோஸ் அப்படியே இருந்தது. “அந்தப் பொண்ண நிறுத்துங்க. அது சொல்றதுதான் சரி.”

“அப்ப நீ பாத்தது?”

விநாயகம் தாளில் கிடந்த சில்லையும் மூடிய டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும், மொதலாளி. பொறந்ததுலேர்ந்தே.”