எலிசாள் திருத்தாமல் விட்டது

எலிசாள் இப்போது ஹெட் நர்ஸ். வார்டுக்குப் புதிதாக வருகிற பெண்கள் இங்கிலீஷைக் கொலை செய்தால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். "ஷீ கேன் ஸ்லீப்ஸ், சிஸ்டர்" என்று எவளாவது வந்து நின்றால், உடனே திருத்த மாட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்பாள். இந்த அம்மாளுக்கு இதில் என்ன ருசியோ என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஞானபாயைப் பார்த்திராதவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ஞானபாயும் அவளும் முப்பத்திரண்டாம் வருஷம் நர்ஸுகள் குவார்ட்டர்ஸில் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தார்கள். இருவரும் தெற்கேயிருந்து வந்தவர்கள். எலிசாளின் அம்மா இறந்ததும் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு, மகளை மிஷன் போர்டிங்கில் விட்டவர், பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைக்கார அம்மாமார் கையில் வளர்ந்ததால் அவளுக்கு இங்கிலீஷ் நன்றாக வந்தது. மனுஷரோடு ஒட்டிப் பழகுவதுதான் வரவில்லை. ஞானபாய் நேர் எதிர். ஊசி என்றால் ஆஸ்பத்திரியே அதிரக் கத்துகிற நோயாளி, இவள் வந்தால் கையை நீட்டிவிடுவான். இங்கிலீஷ் மட்டும் அவளிடம் அடிபட்டுக்கொண்டே இருந்தது.

"ஹீ மஸ்ட் டேக்ஸ் மெடிசின்" என்பாள். டேக்ஸ் இல்லை, டேக் என்று எலிசாள் திருத்தினால், "அவன் ஒருத்தன்தானே? ஒருத்தன்னா எஸ் போடணும்ணு நீதானே பறஞ்சே?" என்று சண்டைக்கு வருவாள். நியாயமான கேள்விதான். எலிசாள் யோசித்து யோசித்து, கடைசியில் மலையாளம் பேசுகிற அந்த ஊருக்கென்றே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"தமிழ்ல எப்படி? அவன் வருவான், அவ வருவா, நான் வருவேன். ஆளுக்கொரு வால். மலையாளத்துல?"

"அவனும் வரும், அவளும் வரும், பசுவும் வரும். மரியாத கெட்ட பாஷ."

"அதேதான். கேன், மஸ்ட், மே, வில் இதுல ஏதாவது முன்னால வந்தா, இங்கிலீஷும் மலையாளமாப் போயிரும். வாலெல்லாம் கிடையாது. ஹீ மஸ்ட் டேக், ஷீ மஸ்ட் டேக், பசு மஸ்ட் டேக்."

ஞானபாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து சாயங்காலம் ஓய்வு கிடைத்தால் மியூசியம் தோட்டத்துக்கு நடை, நடை முழுக்கப் பாடம். முதலில் மலையாளத்தில் ஒரு வாக்கியம், பிறகு இங்கிலீஷில். பேண்டு வாசிக்கிற நாளில் அந்தச் சத்தத்துக்கு மேல் "பசு மே கம், பசு கேன் கோ" என்று இவள் கத்துவதைக் கேட்டு, காற்று வாங்க வந்த வக்கீல்மார் திரும்பிப் பார்ப்பார்கள். எலிசாளுக்கு வெட்கமாக இருக்கும். ஆனாலும் அதைப் போல ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அப்போதுதான் பினாங்கிலிருந்து ஒரு டாக்டரம்மா தன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸுகளைத் தேர்ந்தெடுக்க வந்தாள். ஞானபாய்க்குத் தாய் தகப்பன் இல்லை. இருக்கிற ஒரே அண்ணன் சுவாமிதாஸ் பினாங்கில்தான் இருந்தார். இவள் பாவாடை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் கப்பலேறியவர், வேலையை விட்டு வரமுடியாமல் அங்கேயே குடும்பமாகிவிட்டார். அண்ணன் பிள்ளைகளை இவள் கண்ணால் கண்டதில்லை. பெயரைக் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

டாக்டரம்மா இங்கிலீஷ் விஷயத்தில் படு கறார் என்று சொன்னார்கள். சொன்ன உத்தரவைத் திருப்பிச் சொல்லத் தெரியாதவளிடம் உயிரை எப்படி ஒப்படைப்பது என்று, கொல்லத்தில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம்.

தேர்வுக்கு முந்தின சாயங்காலம் இருவரும் தோட்டத்தைச் சுற்றி வந்தார்கள். எலிசாள் டாக்டரம்மா மாதிரி கேள்வி கேட்டாள். ஜுரக்காரனை நர்ஸ் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

"ஷீ மஸ்ட் வாட்சஸ் தி பேஷண்ட்," என்றாள் ஞானபாய்.

எலிசாள் வாயைத் திறந்தாள். திருத்தம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. இந்த ஒரு தப்பு இருந்தால் போதும், இவள் எங்கேயும் போக மாட்டாள். நாளையும் மறுநாளும் எதிர்க் கட்டிலில் இவளே படுத்திருப்பாள். அந்த நினைப்பு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. பெறவு?"

ஞானபாய் மேலே சொல்லிக்கொண்டே போனாள். மே கிவ்ஸ் என்றாள், ஷுட் கால்ஸ் என்றாள். எலிசாள் தலையாட்டிக்கொண்டே நடந்தாள். பெற்ற அப்பன் தன்னைக் கைவிட்டதுகூடத் தான் இப்போது செய்கிற காரியத்தளவு மோசமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியும் வாய் திறக்கவில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் ஞானபாய் நின்றுவிட்டாள்.

"ஏட்டி எலிசா, வரிசையாட்டு தப்புத் தப்பா பறஞ்சேன். ஒண்ணக்கூட நீ பிடிக்கல்ல."

எலிசாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொதல்ல சொன்னது வாய் தவறினது. ஒனக்க மொகத்தப் பாத்தேன். பெறவு உள்ளதெல்லாம் வேணும்ணே சொன்னது." ஞானபாயின் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் எலிசாளால் தாங்க முடியவில்லை. "இப்பிடி மறைச்சு என்னத்துக்கு? நான் போவாண்டாம்னா வாயத் தொறந்து சொல்லுட்டி. ஒரே ஒரு வாக்கு."

சொல்லிவிடலாம். போகிறவளே கேட்கிறாள். எலிசாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞானபாயின் கையைப் பிடித்து மறுபடியும் தெருவுக்கு இழுத்தாள்.

"மொதல்லேருந்து பற. ஷீ மஸ்ட்..."

ஞானபாய் மெதுவாக, "வாட்ச்," என்றாள்.

"வாட்ச் தி பேஷண்ட். இன்னொரு வட்டம் சொல்லு."

விளக்கு ஏற்றுகிற நேரம்வரை அந்தத் தெருவிலேயே நடந்தார்கள். எலிசாள் ஒரு தப்பையும் விடவில்லை; தப்பில்லாத இடத்திலும் நிறுத்தி நிறுத்திச் சொல்ல வைத்தாள்.

டாக்டரம்மா ஞானபாயை எடுத்துக்கொண்டாள். அடுத்த மாதம் தம்பானூர் ஸ்டேஷனில் எலிசாள் அவளை ரயிலேற்றினாள். நாகப்பட்டினம் போய்க் கப்பல் பிடிக்க வேண்டும். வழிக்குக் கட்டிய சோற்றுப் பொதி, குடிதண்ணீர், பைபிள் என்று ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாகக் கொடுத்து முடிந்ததும், இருவரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி அசைந்தபோது ஞானபாய் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணைக்கு நீ போவாண்டாம்ணு மட்டும் சொல்லியிருந்தா, நான் சந்தோசமாட்டு நிண்ணிருப்பேன், கேட்டியா."

"அது எனக்குத் தெரியும்," என்றாள் எலிசாள், வண்டியோடு நடந்துகொண்டே. "அதுனாலதான் சொல்லல்ல."

வண்டி வேகம் பிடித்ததும் கையை விட வேண்டியதாயிற்று.