பூவாத்தாளுக்குப் பிடித்தது

துக்கம் விசாரிக்கக் கிளம்பிய கம்பெனி வேனில் விஜயராணி கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி செந்தில்வேலின் தாயார் பூவாத்தாள் இறந்து ஒன்பது நாளாகிறது. எழுபத்தெட்டு வயதிலும் மத்தியானமானால் மகனின் பனியன் கம்பெனிக்கு வந்து, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்களோடு உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுவார். அவர்களுக்கு அவர் பெரியம்மா.

நாலு மணி இடைவேளையில் அவருக்கு எதிர் பேக்கரியில் டீயும் ஒரு துண்டு தேங்காய் பன்னும் வாங்கி வந்தவள் விஜயராணி. டீயில் சர்க்கரை இரண்டு கரண்டி. பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து முதல் நாள் மறுத்தாள். "ஒரு வாய் குடு கண்ணு, ஊட்டுல ராகியுங் கீரையுந் தின்னு நாக்கே செத்துப்போச்சு" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படியே எட்டு மாதம் ஓடியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்ததாக வேன் டிரைவர் சொன்ன நாளிலிருந்து விஜயராணிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏட்டி, வாயத் தொறந்துராத" என்றாள் பக்கத்தில் இருந்த கருத்தம்மா. செக்கிங்கில் மூத்தவள், திருநெல்வேலிக்காரி. "ஒனக்கும் எனக்குந்தான் தெரியும். செபம் பண்ணுத மாதிரி கண்ண மூடிக்கிட்டு இரி."

நல்லூரில் முதலாளி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாகப் போய் மருமகள் இந்துமதியின் கையைப் பிடித்தார்கள். விஜயராணியும் பிடித்தாள்.

"பெரியம்மா வெட்டுனா பிசிறோட பட்டனும் சேந்து வந்துரும். நாங்க ஒளிச்சு வச்சுத் தைப்போம்" என்றாள் கருத்தம்மா. செந்தில்வேல் சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளன்னிக்குக் கருமாதிங்க. அம்மாவுக்குப் புடிச்சத வெச்சுப் படைக்கோணும். என்ன புடிக்கும்னு யோசிச்சா எனக்கு ஒண்ணும் தெரியலீங்க. எட்டு வருசமாப் பத்தியச் சோறுதான். உங்ககிட்ட ஏதாச்சும் ஆசைப்பட்டுக் கேட்டாங்களா?"

கருத்தம்மா விஜயராணியின் காலை மிதித்தாள். கழுத்தில் சிலுவை போட்ட விஜயராணியின் வீட்டில் படையல் வழக்கம் கிடையாது. ஆனாலும் அந்த இலையில் ராகியும் கீரையும் கிடப்பதை நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை.

"தேங்காய் பன்னுங்க. அப்புறம் டீ. சர்க்கரை ரெண்டு கரண்டி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் இந்துமதி.

"நாந்தான் வாங்கிக் குடுத்தேன்க்கா. டெய்லி. எட்டு மாசமா."

செந்தில்வேல் தரையைப் பார்த்தார். இந்துமதியின் குரல் உயரவில்லை.

"டாக்டரு ஒவ்வொரு தடவையும் என்னையத்தான் கேட்டாருங்க, ஊட்டுல என்னம்மா ஆக்கிப் போடறேன்னு. சோத்த நிறுத்துனேன், பழத்த நிறுத்துனேன். கடைசில இட்லிய எண்ணித்தான் வெச்சேன். அத்தைய நான் சரியாப் பாக்கலைன்னு சொந்தக்காரங்க இந்த வாசல்லயே உக்காந்து பேசுனாங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"மன்னிச்சிருங்கக்கா."

இந்துமதி, "நாளன்னிக்குக் காத்தால அந்தப் பன்ன நீங்களே வாங்கிட்டு வந்து, உங்க கையாலயே எலையில வையுங்க" என்றார். "உங்களுக்குப் படைக்கற பழக்கம் இல்லீன்னு தெரியும். இருந்தாலும் வரோணும். யாரு வாங்கிக் குடுத்ததுன்னு அந்தச் சொந்தக்காரங்க கேப்பாங்க. நீங்களே சொல்லோணும்."

செந்தில்வேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இந்துமதி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சரிங்கக்கா" என்றாள் விஜயராணி. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. எல்லோரும் பேசாமல் எழுந்து வேனுக்கு நடந்தார்கள்.

வேன் நகர்ந்ததும் விஜயராணி, "யக்கா, அன்னைக்கு நீயும் கூட வாரியா?" என்று கேட்டாள்.

"லீவு கெடைக்கணுமே."

"கருமாதிக்குக் கம்பெனியே லீவுதானக்கா."

கருத்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.