நாத்தனார் கண்

ரமணிக்கு நாத்தனாரைப் பார்த்தாலே ஆகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடையில் வேலை பார்க்கும் லோகேஸ்வரி, தம்பியின் குழந்தையைப் பார்க்க ஞாயிறுதோறும் ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்துவிடுவாள். வரட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தக் கண் இருக்கிறதே! சில மாதங்களாகப் பிதுங்கிக்கொண்டு, இமைக்காமல், ஆளையே விழுங்குவதுபோல் முறைக்கிறது. உடம்பும் துரும்பாய் இளைத்துவிட்டது. பிள்ளையில்லாதவள், பொறாமையில்தான் கரைகிறாள் என்று ரமணி முடிவுகட்டிவிட்டாள்.

லோகேஸ்வரி வந்துபோனால் போதும், வீடு முழுக்கச் சாம்பிராணிதான். ஒருநாள் அவள் இருக்கும்போதே புகை போட்டாள். லோகேஸ்வரியின் கண்கள் சிவந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. பார்த்தாயா, சாம்பிராணிக்கே தாங்கவில்லை! வேறென்ன சாட்சி வேண்டும்?

"பேர் வைக்கிற அன்னிக்கு உங்க அக்கா புள்ளையத் தூக்க வேணாம்," என்றாள் கணவனிடம்.

"அத்தைதானே காதுல பேர் சொல்லணும்? அக்கா ஆசையா காத்திருக்குலா," என்றான் பிரவின்.

"கண்ணு பட்டுச்சுன்னா நீங்களா பதில் சொல்வீங்க?"

பிரவின் எழுந்து தொட்டிலை ஆட்டப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு, சாப்பிட்டுவிட்டு லோகேஸ்வரி சோபாவில் சாய்ந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ரமணி கூடத்துக்கு வந்தால், நாத்தனார் கண்ணைத் திறந்தபடி கிடக்கிறாள்.

"என்ன அண்ணி, அப்படிப் பாக்கிறீங்க?"

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது. ரமணி கிட்டே போய்க் குனிந்தாள். நல்ல தூக்கம். இமைகள் மூடப் பார்த்துப் பாதியில் நின்றிருந்தன. இடுக்கில் காய்ந்து சிவந்த விழி, அதன்மேல் மின்விசிறிக் காற்று. அடக் கடவுளே, இவள் முறைக்கவே இல்லை! மூட முடியவில்லை! ரமணிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. விசிறியை நிறுத்திவிட்டு அவளை எழுப்பினாள்.

"கண்ணு எப்பலேருந்து அண்ணி இப்படி?"

"மாசக்கணக்கா எரியுது. எதப் பார்த்தாலும் ரெண்டு ரெண்டா தெரியுது. கையும் நடுங்குது. வயசாவுதுன்னு விட்டுட்டேன்லா."

ரமணி விடவில்லை. குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மறுநாளே அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்து, ஸ்கேன் பார்த்து, முடிவு வந்ததும் டாக்டர் சல்மா விளக்கினார்.

"தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மேல சுரக்குது. இளைக்கிறது, கை நடுங்கறது எல்லாம் அதாலதான். இந்த நோய் கண்ணுக்குப் பின்னால இருக்கிற தசையையும் வீங்க வெச்சு, கண்ண வெளிய தள்ளுது, அதான் இமை மூடல. பொம்பளைங்களுக்குத்தான் இது அதிகம்."

"பார்வை போயிடுமா, டாக்டர்?" கேட்டது ரமணி.

"விட்டிருந்தா போயிருக்கலாம். நல்ல நேரத்துல வந்துட்டீங்க, காப்பாத்திடலாம். மாத்திரை, சொட்டு மருந்து, தூங்குறப்ப இமைக்கு டேப். ஒண்ணு மட்டும், புகை பக்கமே போகக்கூடாது."

ரமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

பெயர் சூட்டும் நாளன்று, லோகேஸ்வரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ரமணி குழந்தையோடு நேரே அவளிடம் போனாள்.

"வாங்க அண்ணி, நீங்கதான் பேர் சொல்லணும்."

"மருந்து இப்பதானே ஆரம்பிச்சிருக்கு. என் கண்ணப் பார்த்து ஆளுங்க ஏதாச்சும் பேசுவாங்கலா."

"பேசட்டும், நான் பாத்துக்கிறேன்." ரமணி தன் கையாலேயே அந்தக் கண்ணாடியைக் கழற்றினாள். "புள்ள அதோட அத்தை முகத்தைப் பாக்கட்டும்."

குழந்தையை வாங்கிய கை நடுங்கியது. ரமணி அதற்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கினாள். லோகேஸ்வரி குனிந்து, பிஞ்சுக் காதில் மூன்று முறை, "தாமரை" என்றாள்.