கண்ணாடிக் கதவுக்கு வெளியே காமா

விண்வெளியில் எங்கோ ஒரு பெரிய நட்சத்திரம் வெடிக்கும்போது கிளம்பும் காமா கதிர்களைப் பிடிக்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தோம். அடுத்த வருடம் அது செயற்கைக்கோளில் ஏறிப் போக வேண்டும். சோதனை என் பொறுப்பு. மூன்று நாளாகக் கருவி சமர்த்தாக இருந்தது. திரையில் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

நான்காம் நாள் பகல் பன்னிரண்டரைக்குக் கோடு செங்குத்தாக எகிறியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேபிளைப் பார்த்தேன், மின்சாரத்தைப் பார்த்தேன், எல்லாம் சரி. அதற்குள் கோடு இறங்கிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எகிறியது.

என்னோடு வேலை பார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "மேடம், கருவி மேல தப்பு இல்ல. அதுல கதவுப் பக்கம் இருக்கற சென்சார் கட்டங்கதான் ரொம்பத் துள்ளுது. அங்க யாரு?" என்றார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் கணவர் நின்று, சாப்பிட வா என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கூடத்தில் சூரியத் தகடு பொருத்துகிறவர். பைக்கை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வருகிறேன் என்று காலையில் கிளம்பியவர்.

"சார், கொஞ்சம் இடது பக்கம் போங்க," என்றார் சந்தேகம். போனார். திரையில் கதிர் வரும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் கூடவே போனது. வலது பக்கம் வந்தார், அம்பும் வந்தது.

"நூத்தி நாப்பது கிலோ எலக்ட்ரான் வோல்ட்," என்று ஆற்றல் அளவைப் படித்த சந்தேகம் தயங்கினார். "இது ஆஸ்பத்திரியில ஸ்கேனுக்கு முன்னாடி ஊசியில போடற கதிரியக்க மருந்தோட அளவு, மேடம்."

கதவைத் திறந்தேன். "என்னங்க, எந்த ஆஸ்பத்திரியில பைக் சர்வீஸ் பண்றாங்க?"

அவர் முகம் போன போக்கு! "மாடி ஏறினா நெஞ்சு பிடிச்ச மாதிரி இருந்துச்சு. ஹார்ட் ஸ்கேன் எடுத்தேன். நீயே வேலை மும்முரத்துல இருக்க, எதுக்குப் பயமுறுத்தணும்னுதான்..."

கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "இனிமே ஊசின்னாலும் மாத்திரைன்னாலும் முதல்ல எங்கிட்ட சொல்லணும்," என்றேன். பூம்பூம் மாடாகத் தலையை ஆட்டினார்.

நான்கு மணிக்குக் கணவரின் போனில் டாக்டர் கூப்பிட்டார். நானே வாங்கிப் பேசினேன். "இதயம் நல்லா இருக்கும்மா. எடைதான் ஜாஸ்தி. நடக்கச் சொல்லுங்க." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கேட்டுக்கொண்டிருந்த சந்தேகம் மெல்லத் தொண்டையைச் செருமினார். "சார், மருந்தோட வீரியம் குறைஞ்சுக்கிட்டே வருது. அதுக்குள்ள இந்த ரூமச் சுத்தி ஒரு பத்து ரவுண்டு வந்தீங்கன்னா, கருவி திசையச் சரியாக் காட்டுதான்னு முழுசாப் பார்த்துடலாம்."

கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தார். நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.