பைப்பரை யார் பிடிப்பது?

டெஸ்ஸாவின் இடது கண்ணைச் சுற்றிக் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. லடோனா அதன்மேல் மஞ்சள் களிம்பு ஒரு பூச்சு, அதற்கு மேல் தோல் நிறத்தில் ஒரு பூச்சு, அதற்கும் மேல் வெள்ளி மினுக்குப் பொடி என்று மூன்று அடுக்கு போட்டுவிட்டு, மகளின் முகத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். போட்டி நடக்கும் அரங்கின் கழிப்பறையில் வேறு பத்து அம்மாக்கள் வேறு பத்து தலைகளில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள். முடியில் அடிக்கும் ஸ்ப்ரேயின் நெடி தொண்டையை அடைத்தது.

"யாரு முழங்கை இடிச்சுது?"

"இரட்டையர்ல எவளோ ஒருத்தி. பைப்பர் விழுந்தப்ப பட்டுச்சு."

"பைப்பருக்கு?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகலை. நான் பிடிச்சுட்டேன்."

லடோனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே ஒரு படம் எடுத்து அம்மாக்களின் போன் குழுவில் போட்டாள். பதினேழு இதயங்கள் வந்து விழுந்தன. கிழக்கு டெக்சஸில் சியர், அதாவது ஆளை ஆள் தூக்கி வீசிப் பிடிக்கும் குழு ஆட்டம், ஆடும் பிள்ளையைப் பெற்றவர்கள் ஒரு தனி ஜாதி. பிள்ளைக்குக் கண் கறுத்தால் ஊரில் மற்றவர்கள் டாக்டரைத் தேடுவார்கள், இவர்கள் மினுக்குப் பொடியைத் தேடுவார்கள். லடோனாவும் அதே கூட்டம்தான், அன்றைக்கு.

நாலு பெண்கள் சேர்ந்தது ஒரு குழு. ஹாலிஸ் வீட்டு இரட்டையர் இருவரும் எதிரும் புதிருமாக நின்று கைகளைக் கோத்துக்கொள்வார்கள். பதினோரு வயதுப் பைப்பர், நனைந்தால்கூட முப்பது கிலோ தேறமாட்டாள், அந்தக் கைகளில் ஏறி வானத்துக்குப் போவாள். பின்னால் டெஸ்ஸா. பதின்மூன்று வயது, அப்பனைப் போல அகன்ற தோள். அவளை யாரும் படம் எடுக்கமாட்டார்கள், ஏனென்றால் படத்தில் அவள் தெரியவேமாட்டாள். பைப்பர் கீழே வரும்போது தலையும் தோளும் தரையில் படாமல் ஏந்துவதுதான் அவள் வேலை. "ஐந்து, ஆறு, ஏழு, எட்டு" என்று எண்ணிச் சொல்வதும் அவள்தான். அந்த எட்டில்தான் மற்ற மூவரும் அசைவார்கள். இரண்டு வருடமாக அப்படித்தான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் கர்ட்னி கோச் ஒரு புது வித்தையைக் கொண்டுவந்தாள். பைப்பரை மேலே வீசியெறிய வேண்டும், அவள் அந்தரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து விழ வேண்டும். டாலஸ் போட்டிக்கு ஆறே வாரம். மற்ற ஜிம்களில் மாதக்கணக்கில் கற்றுக்கொடுப்பதை இவள் பத்து நாளில் முடிக்கப் பார்த்தாள். தடித்த மெத்தைகளைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டாள். டாலஸ் மேடையில் மெத்தை இருக்காதாம், பிள்ளைகள் இப்போதே பழகிக்கொள்ள வேண்டுமாம். பைப்பர் தரையைத் தொட்டால் மற்ற மூவருக்கும் தண்டனை: கவிழ்ந்து படுத்து, எழுந்து, எம்பிக் குதி, ஐம்பது தடவை. அது முடிந்ததும் மூச்சு வாங்க நேரமில்லை, திரும்பவும் தூக்கு.

பெற்றோருக்குக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இடம். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஒரு பிள்ளை விழுந்து எழுந்தால் அம்மாக்கள் கைதட்டுவார்கள். லடோனாவும் தட்டியிருக்கிறாள்.

ஒரு திங்கட்கிழமை, காரில் ஏறிய டெஸ்ஸா தண்ணீர் பாட்டிலை அம்மாவிடம் நீட்டினாள்.

"திறந்து குடு."

"ஏன், உனக்கென்ன கை இல்லையா?"

"திருக முடியலைம்மா."

லடோனா விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பிள்ளையின் இரண்டு கையும் தோளிலிருந்து விரல் நுனி வரை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"இன்னைக்கு எத்தனை தடவை விழுந்தா?"

"ஏழு."

"ஏழு தடவையும் அம்பதா? அதுக்கப்புறமும் அவளைத் தூக்கிப் போட்டீங்களா?"

"பின்னே? போடாம?"

பத்தொன்பது வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் லடோனா. காலையில் டயரைத் தட்டிப் பார்க்காமல், பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. தூக்கம் போதாத டிரைவர் சாவியைத் தொட்டால் அவளே போய்ப் புகார் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள், தன் பிள்ளையின் கறுத்த கண்ணுக்கு மினுக்குப் பூசிப் படமும் எடுத்துப் போட்டிருக்கிறாள். அவளுக்கு அவள்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டில் அவள் கணவன் ராய்ஸ் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தான். மர அறுவை ஆலையில் வேலை. பேச்சு அவனுக்கு மருந்து மாதிரி, வேளைக்கு ஒரு தடவை.

"எங்க ஆலையில கை நடுங்குறவனை ரம்பத்துப் பக்கமே விடமாட்டாங்க. வேற ஜிம் பாரு" என்றான்.

"சீசன் நடுவுலயா? ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும். தினம் மழையில நனையறோம், இதுல நனையமாட்டோமா?"

மறுநாள் லடோனா கர்ட்னி கோச்சிடம் பேசிப் பார்த்தாள். அவள் பல் தெரியச் சிரித்தாள். "மிஸ் லடோனா, பயத்தை வீட்டிலேயே வெச்சுட்டு வாங்க. பிள்ளைங்களுக்குத் தொத்திக்கும்." அத்தோடு விசிலை வாயில் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மகளை ஏற்றிக்கொண்டு டெரல் என்கிற இன்னொரு கோச்சின் ஜிம்முக்குப் போனாள். தீவனக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை.

"என்னம்மா இது, குதிரை லாயமா?" என்றாள் டெஸ்ஸா.

"வாயை மூடிட்டு உள்ள வா."

உள்ளே கால் வைத்த இடமெல்லாம் மெத்தை. ஒரு பெண்ணைத் தூக்க நாலு பேர் என்றால், சுற்றி இன்னும் இரண்டு பேர் கையை உயர்த்தியபடி நின்றார்கள். டெரல் ஆறரை அடி உயரம், குரல் மட்டும் பூனைக்குட்டி போல. அவர் சுற்றி வளைக்கவில்லை.

"சேர்த்துக்கறேன் மேடம். ஆனா ஒண்ணு. ஒரு ஜிம்முக்காக மேடை ஏறிட்ட பிள்ளை, இந்த சீசன்ல இன்னொரு ஜிம்முக்காக ஏற முடியாது. இந்த வருஷம் டாலஸ் கிடையாது. பயிற்சி மட்டும்தான்."

திரும்பி வரும் வழியிலேயே டெஸ்ஸா சொல்லிவிட்டாள்.

"ஜிம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் வரலை."

"டாலஸுக்காகவா?"

"டாலஸ் கிடக்குது. நான் போயிட்டா பைப்பரை யார் பிடிப்பாங்க? என் இடத்துல, மாத்துக்கு வர்ற ஹேடனைத்தான் நிறுத்துவாங்க. ஹேடன் பிடிக்கறப்ப கண்ணை மூடிக்குவாம்மா."

லடோனா மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். தன் பிள்ளையை வெளியே இழுத்துவிடலாம், அது ஒரு கையெழுத்து. அந்த ஓட்டைக்குள் இன்னொருத்தி பிள்ளை விழுந்தால்? இருக்கச் சொன்னாலும் தப்பு, வரச் சொன்னாலும் தப்பு என்று குழம்பி, வியாழக்கிழமை காலை அவள் பேருந்தில் ஒரு நிறுத்தத்தையே தவறவிட்டாள். மூன்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்கள்.

அன்று மத்தியானமே பைப்பரின் அம்மா கெண்ட்ராவைப் பார்க்கப் போனாள். கெண்ட்ரா நகம் அழகுபடுத்தும் கடை வைத்திருப்பவள், ஏழு வருடத் தோழி. அவளுடைய நகங்களே ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம்.

"ரெண்டு பேரையும் சேர்த்தே மாத்திடலாம்டி" என்றாள் லடோனா.

"டாலஸ் முடியட்டும். அஞ்சு வாரம், அவ்வளவுதானே?"

"உன் பொண்ணு திங்கக்கிழமை எத்தனை தடவை விழுந்தான்னு கேட்டியா?"

"விழுந்து எழுந்தாத்தானே கத்துக்க முடியும். என் பொண்ணு ஏழு வயசுலேருந்து டாலஸ் டாலஸ்னு தூக்கத்துலகூட உளர்றா. நீ இப்ப டெஸ்ஸாவை இழுத்துட்டுப் போ, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதே."

"போகலைடி. அதுக்குத்தானே உன்கிட்ட வந்து நிக்கறேன்!"

"நின்னது போதும், கிளம்பு. எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு."

அன்று மாலை கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பைப்பர் ஒரு தடவை விழுந்தாள். ஐம்பது. இரண்டாம் தடவை டெஸ்ஸா அவளைப் பிடித்தாள், ஆனால் பிடித்தபடியே இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். கர்ட்னி கோச் அதையும் விழுந்ததாகவே கணக்கில் எடுத்துக்கொண்டாள். இன்னொரு ஐம்பது. எழுந்தபோது இரட்டையரில் ஒருத்திக்கு முழங்கால் மடங்கியது.

"மறுபடியும்!" கர்ட்னியின் குரல் கண்ணாடியைத் தாண்டி வந்தது. "டெஸ்ஸா, எண்ணு!"

இரட்டையர் கைகளைக் கோத்தார்கள். பைப்பர் ஒரு காலை அவற்றின்மேல் வைத்தாள். டெஸ்ஸா பின்னால் நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

"டெஸ்ஸா! எண்ணு!"

"கை நடுங்குது கோச். எனக்கும் நடுங்குது, அவங்களுக்கும் நடுங்குது. நான் எண்ணமாட்டேன்."

"நீ எண்ணலைன்னா நான் எண்ணறேன். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு!"

ஒருத்தியும் அசையவில்லை. அடம்பிடித்து நின்றார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு வருடமாக ஒரே குரலுக்கு எம்பிய முழங்கால்கள் வேறு குரலுக்கு மடங்கவில்லை, அவ்வளவுதான். கர்ட்னி இன்னொரு தடவை எண்ணினாள். இரட்டையர் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

"டெஸ்ஸா, வெளியே போ. ஹேடன், நீ வந்து நில்லு."

டெஸ்ஸா விலகினாள். ஹேடன் வந்து நின்றாள். பைப்பர் தலையைத் திருப்பி ஹேடனைப் பார்த்தாள். பிறகு இரட்டையரின் கைகளிலிருந்து காலை எடுத்துக்கொண்டு, தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்ன பண்றே பைப்பர்?"

"டெஸ்ஸா இல்லாம நான் ஏறமாட்டேன் கோச்."

"டாலஸ் வேண்டாமா உனக்கு?"

"வேணும்" என்று சொல்லிவிட்டுப் பைப்பர் அழுதாள். அழுதுகொண்டே மற்ற ஷூவையும் அவிழ்த்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி கீழே சாய்ந்தது. கெண்ட்ரா எழுந்து நின்றிருந்தாள். பெற்றோர் யாரும் தொடக்கூடாத அந்தக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு நேரே உள்ளே போனாள். லடோனாவும் பின்னாலேயே போனாள். கெண்ட்ரா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், பதினோரு வயதுப் பெண்ணை. கர்ட்னி ஏதோ சொல்ல வந்தாள். கெண்ட்ரா அவளை ஒரு பார்வை பார்த்தாள், அத்தோடு சரி.

"அந்தக் குதிரை லாயம் எங்கேடி இருக்கு?" என்று லடோனாவிடம் கேட்டாள்.

"யார் சொன்னா குதிரை லாயம்னு?"

"உன் பொண்ணு என் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கா. மெத்தை மேல மெத்தையாமே."

அடுத்த வாரமே இரட்டையரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அம்மாக்களின் குழுவிலிருந்து லடோனாவையும் கெண்ட்ராவையும் யாரோ நீக்கிவிட்டார்கள். காலையில் எழுந்து பார்த்தால் போனில் நாற்பது செய்தி இல்லை, காப்பி ஆறுவதற்குள் குடித்துவிட முடிந்தது. ராய்ஸ் மட்டும், ஊர் இன்னும் துப்பலையா என்று, இரண்டு நாள் லடோனாவைத் துரத்தித் துரத்திக் கிண்டல் செய்தான்.

டாலஸ் போட்டி நடந்த சனிக்கிழமை நாலு பெண்களும் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். பைப்பர் காலையில் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள், பிறகு மறந்துவிட்டாள். இங்கே கண்ணாடிச் சுவர் கிடையாது. மெத்தையின் ஓரத்திலேயே பெற்றோருக்கு மடக்கு நாற்காலி.

டெரல் அன்று டெஸ்ஸாவைக் கூப்பிட்டு, முழங்கால் உயரத்துக்கு இருந்த ஒரு பஞ்சுப் பெட்டியைக் காட்டினார்.

"ஏறு. முதுகைக் காட்டி நில்லு. அப்படியே பின்னால விழு."

"நானா? நான் பிடிக்கிறவ கோச். விழுந்ததே இல்லை."

"அதனாலதான் சொல்றேன்." அவர் நாற்காலிகள் பக்கம் திரும்பினார். "பிடிக்க ரெண்டு பேர் வாங்க. அம்மாக்களே வாங்களேன்."

லடோனாவும் கெண்ட்ராவும் மெத்தைமேல் தடுமாறி நடந்துபோய் எதிரெதிரே நின்று கைகளைக் கோத்துக்கொண்டார்கள்.

"உன் நகம் என் பிள்ளையைக் குத்தாமப் பார்த்துக்கடி" என்றாள் லடோனா.

"பேசாம நில்லு. உன் கையெல்லாம் ஒரே வேர்வை."

டெஸ்ஸா பெட்டிமேல் நின்றாள். அவளுடைய அகன்ற தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. இந்தப் பெண்ணுக்கும் பயம் என்று ஒன்று உண்டு என்பது லடோனாவுக்கு அந்த முதுகைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு வருடமாக அது இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை, தானும்கூடக் கேட்கவில்லை.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"கெண்ட்ரா ஆன்ட்டி?"

"இருக்கேன்டி தங்கம், விழு."

அவள் விழுந்தாள். முழு எடையும் வந்து கைகளில் இறங்கியது. ஆறு வயதுக்குப் பிறகு லடோனா இந்தப் பிள்ளையைத் தூக்கியதே இல்லை. கை கடுத்தது, ஆனால் விடவில்லை. டெஸ்ஸா அண்ணாந்து படுத்தபடியே கண்ணைத் திறந்தாள். கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பு எப்போதோ மறைந்துவிட்டிருந்தது. எழுந்திருக்க அவள் அவசரப்படவில்லை.

"போதுமா, இறக்கி விடவா?" என்றாள் லடோனா.

"இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோம்மா" என்றாள் டெஸ்ஸா.